ஷஹாத்தாவின் முதல் நெருப்பு

தெஸூக்கிக்கு எதிரில் நிற்கும் ஆளின் காது தெரியும். தோள் தெரியும், தலையில் சுற்றிய துணி தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கண்ணை எங்கே திருப்பினாலும் அந்த வட்டமும் கூடவே வந்து நிற்கும். பெண்டாட்டி வஹீபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவளை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பான். அப்போதுதான் ஓரத்தில் கொஞ்சம் மூக்கும் கொஞ்சம் வாயும் அகப்படும்.

நைல் கடலில் விழும் எங்கள் எஸ்பத் அல்புர்ஜ் கரையில் இரும்புப் படகு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தெஸூக்கியைப் போல வெல்டிங் வைக்கிறவன் ஒருத்தன் கிடையாது. நான் கேஸ் கட்டர் பிடிக்கிறவன், பெயர் அவத். நான் வெட்டிக் கொடுக்கும் தகட்டில் முடி அளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடித்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீடுதான் எனக்கு என்பதால் மிச்சத் திட்டை மாடிப்படியில் வாங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவனைத்தான் வெறுங்கண்ணால் வெல்டிங் நெருப்பைப் பார்த்துக் கண் கெட்டவன் என்று கரையே சொன்னது. எனக்கு வயிறு எரிந்தது. வஹீபாவுக்கு எரிந்ததைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

கரை அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு தகடு சேரும் இடத்தில் முதலில் பொட்டு வைப்பதுபோல ஒரு டேக் அடித்து நிறுத்துவார்கள். ஒரு டேக்குக்காக முகமூடியை மாட்டிக் கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? கண்ணை இறுக்கி மூடி, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, உருகி ஒட்டும் இரும்புக் குச்சியான ராடை இடம் பார்த்துத் தட்டிவிடுவார்கள். எங்கள் கரையில் பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் அதே பழக்கம். இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல எரியும். பெண்டாட்டி உருளைக்கிழங்கைச் சீவி இமைமேல் வைப்பாள். காலையில் வந்து மறுபடியும் அதையே செய்வார்கள்.

தெஸூக்கி மட்டும் முகமூடி இல்லாமல் ராடைத் தொடமாட்டான். அதற்காக அவனைக் கல்யாணப் பெண் என்று கேலி செய்ததும் இதே கரைதான். "முக்காட்ட எடுங்க உஸ்தா, நாங்க எல்லாம் உங்க சொந்தக்காரங்கதான்" என்பார்கள். உஸ்தா என்றால் தொழில் தேர்ந்தவனுக்குக் கொடுக்கும் மரியாதைப் பட்டம். அவன் சிரிக்காமல் கையில் பிடிக்கும் பழைய மறைப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வான். அதன் கறுப்புக் கண்ணாடி அவனே தும்யாத் நகரத்துக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தது. எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதற்கு மூலையில் பதினொன்று என்று நம்பர் வெட்டியிருக்கும். விரல் நகத்தால் தடவி நம்பர் தட்டுப்பட்டால்தான் வாங்குவான்.

கேடு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. வஹீபாவின் அண்ணன் ஷஹாத்தா படகுத்துறைச் சாலையில் வெல்டிங் சாமான் கடை வைத்திருந்தான். வாலிபத்தில் கொஞ்ச நாள் எங்களோடு ராடு பிடித்தவன், பிறகு கடைக்குப் போய்ப் பெரிய மனுஷனாகிவிட்டான். ஒரு நோன்புப் பெருநாள் அன்று தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு வந்தான். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் புது மாதிரி ஹெல்மெட். நெற்றியில் கழுகுப் படம். சும்மா இருக்கும்போது கண்ணாடி வெளிர்பச்சையாகத் தெளிந்திருக்கும், நெருப்புப் பிடித்ததும் தானே இருட்டாகும்.

"மச்சான், இன்னும் அந்தக் கைத்தகட்டத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்களே, பள்ளிக்கூடத்துப் புள்ள சிலேட்டத் தூக்குன மாதிரி. இத மாட்டுங்க. ரெண்டு கையும் சும்மா கெடைக்கும்."

தெஸூக்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்பர் எங்க மச்சான்?"

"இந்தக் குமிழத் திருப்புங்க. ஒம்போது, பதினொண்ணு, பதிமூணு. எது வேணுமோ அது."

"குமிழுல எழுதியிருக்கு. கண்ணாடியில காணோமே."

"கண்ணாடிய நகத்தால சொரண்டுற காலமெல்லாம் போச்சு மச்சான். எந்தங்கச்சி புருஷனுக்கு மட்டமானதக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்தப் படியேறுவேன்?"

தெஸூக்கி ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டான். மாட்ட மனமில்லை என்று எனக்குத் தெரிந்தது. வஹீபாதான் அதை எடுத்துத் துடைத்து அவன் தலையில் வைத்தாள். வீட்டிலும் அவள் அவனை உஸ்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாட்டிக்க உஸ்தா. அண்ணன் ஆசையாக் கொண்டாந்திருக்கு. வேணாம்னா அது மனசு நோகும்."

அவன் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு அவள் வெங்காயம் அடைத்துச் சுட்ட வாத்தில் பெரிய துண்டு ஷஹாத்தாவின் தட்டுக்குத்தான் போனது. அந்தத் துண்டை நினைத்து அவள் பிற்பாடு பல்லைக் கடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெயில் காலம் போய்க் கடலுக்குப் போகவிடாத புயல்கள் வந்தபோது தெஸூக்கியின் வெல்டிங்கில் பிசகு தெரிந்தது. உருகிய இரும்பு ஓடும் இடத்தில் ஒரு புகைத்துளி நிற்கிறது என்றான். கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். துளி கண்ணாடியில் இல்லை. ஒருநாள் காலையில் ரொட்டிக்கு நடுவே ஓட்டை இருக்கிறதே, எலி கடித்ததா என்று கேட்டான். வஹீபா ரொட்டியைப் பார்த்தாள். ரொட்டி முழுசாக இருந்தது.

தும்யாத்தில் கண் டாக்டரம்மாவிடம் போனார்கள், துணைக்கு நானும் போனேன். கண்ணின் நடுவில் சுட்டுப்போய்விட்டது, இனி வராது, ஓரப்பார்வை மிஞ்சும் என்று அந்த அம்மா சொன்னார். வெறுங்கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். தெஸூக்கி இல்லை என்றான். என்ன போட்டுக்கொண்டு பார்த்தாய் என்று கேட்டார். வஹீபா பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வைத்தாள்.

டாக்டரம்மா ஏசி ரிமோட்டை எடுத்து முனையைப் போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போனில் ஊதா நிறப் பொட்டாகத் தெரிந்தது. பிறகு தன் அலமாரியிலிருந்து நம்பர் வெட்டிய கண்ணாடி ஒன்றை எடுத்து நடுவில் பிடித்தார். பொட்டு செத்துப்போனது. அடுத்தது ஷஹாத்தாவின் ஹெல்மெட். குமிழைத் திருப்பிச் சோதிக்கும் பொத்தானை அமுக்கி, கண்ணாடி இருட்டானதும் நடுவில் பிடித்தார். பொட்டு வானத்து நட்சத்திரம் மாதிரி அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

"இருட்டா இருந்துச்சே டாக்டரம்மா" என்றான் தெஸூக்கி.

"இருட்டு வேறப்பா, காப்பு வேற. சுடுற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. இது அத நிறுத்தவே இல்ல. இருட்டா இருக்குன்னு நம்பி நீ நல்லாக் கண்ணத் தெறந்து பாத்திருக்க. இத வாங்கித் தந்தது யாரு?"

வஹீபா ஹெல்மெட்டைப் பைக்குள் வைத்து வாயை முடிச்சுப் போட்டாள்.

மறுநாளே அண்ணன் கடைக்குப் போனாள். ஆக்சிஜன் டியூப் வாங்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். கடையில் எங்கள் கரை வெல்டர்கள் சிலர் இருந்தார்கள், அவர்கள் கையிலும் அதே கழுகு. அவள் வீட்டு டீவி ரிமோட்டையும் போனையும் மேசைமேல் வைத்து டாக்டரம்மா செய்ததை அப்படியே செய்து காட்டினாள்.

ஷஹாத்தா பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரிமோட்டு டீவிக்கும்மா. வெல்டிங்கப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"சிரிக்காத அண்ணே. அவருக்கு என் மூஞ்சி தெரியல."

"எனக்கும் வருத்தந்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உம் புருஷன் டேக் அடிக்கிறப்ப நீ பக்கத்துல நின்னியா?"

"அவரு வெறுங்கண்ணால அடிக்கிற ஆளு இல்லன்னு ஒனக்கே தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க. இவங்களக் கேளு. நீ சொல்லுப்பா, நீ அடிக்கிறதில்ல?"

கேட்கப்பட்டவன் தரையைப் பார்த்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. "தெஸூக்கி அடிக்க மாட்டான், நான் சொல்றேன்" என்றேன்.

"ஏ அவத், நீ வெட்டுற ஜாதி. ஒட்டுறதுல ஒனக்கென்ன பேச்சு?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கிவிட்டான்.

வஹீபா குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, ஒரே ஒரு வார்த்த சொல்லு. தெரிஞ்சு குடுத்தியா, தெரியாமக் குடுத்தியா? தெரியாமன்னா நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

"நம்ம அம்மா கபுரு மேல சத்தியமா, அது ஒரிஜினல்!"

அவள் ரிமோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படி ஏறும்போதுதான், "கபுருல கெடக்குறவள எதுக்கு இழுத்தான்?" என்றாள்.

அவன் சொன்னது கரையில் பரவியது. தெஸூக்கியும் நம்மைப்போல டேக் அடித்தவன்தானாம், வெளியில்தான் கல்யாணப் பெண் வேஷமாம். கேட்கிறவர்களுக்கு அது ருசியாக இருந்தது. தங்கள் கையிலும் அதே ஹெல்மெட் இருப்பதால் அதை நம்புவதுதான் அவர்களுக்கும் நிம்மதி. பட்டறையை நடத்தும் தலைவர் ரயிஸ் பஸ்யூனி தெஸூக்கிக்கு வெல்டிங்மேல் படியும் கசடைச் சுத்தியலால் தட்டி எடுக்கும் வேலையைக் கொடுத்தார். அது நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்வது. வேலை போனதைக்கூட விடுங்கள். "தெஸூக்கி, இங்க வா" என்றார் ரயிஸ். முன்னால் ஒரு உஸ்தா இருக்கும், அதைக் காணோம். தெஸூக்கி சுத்தியலைப் பிடித்த கையோடு போனான்.

வீட்டில் வஹீபா ஹெல்மெட்டை வாரம் தவறாமல் துடைத்துத் துணியில் சுற்றி வைப்பாள்.

"தூக்கிக் கடல்ல போடு அத" என்பான் தெஸூக்கி.

"போட மாட்டேன் உஸ்தா. அதுக்கு இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு."

என்ன வேலை என்று நான் கேட்டபோது வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டே, "ஒனக்குத் தெரிஞ்சா கரைக்கே தெரிஞ்ச மாதிரி, போ" என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

குளிர்காலத்தின் கடைசிப் புயல் ஓய்ந்ததும் ஷஹாத்தா வந்தான். கையில் தும்யாத்துக் கடையின் மஷப்பக் இனிப்புப் பெட்டி, பாகு வெளியே கசிந்துகொண்டிருந்தது. நல்ல செய்தியாம். சொந்தமாகப் படகு கட்டுகிறான், இரும்புப் படகு, எங்கள் பட்டறையில். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கீல் வைக்கிறான். படகின் முதுகெலும்பு அந்த இரும்புதான்.

"பழச மனசுல வெச்சுக்காத வஹீபா. கூடப் பொறந்தவ வந்து நிக்கலன்னா ஊரு காறித் துப்பும்."

"மொத நெருப்பு நீதான போடுவ?"

"வேற யாரு? படகுக்காரன்தான் போடணும், அதுதான வழக்கம். அப்புறம் ஆட்ட அறுத்து ரத்தத்துல கை முக்கிக் கீலுல பதிக்கணும். நீயும் ஒரு கை வெச்சிரு."

"வர்றேன் அண்ணே. அவரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

ஷஹாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையின் தலையில் கைவைத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் வஹீபா பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அத்தனையையும் வாத்துகளுக்குக் கொட்டினாள். அந்த இனிப்பு எனக்கு உயிர். இருந்தாலும் கேட்கத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஈர மணலில் கட்டைகள் அடுக்கி அதன்மேல் கீலைக் கிடத்தியிருந்தோம். கரை முழுக்க வந்திருந்தது. ஆடு முளையில் கத்திக்கொண்டிருந்தது, பொரித்த மீன் வாசம் வந்தது. ஷஹாத்தா புது வெள்ளை அங்கி போட்டு எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். தெஸூக்கி கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிப்பத்தின்மேல் உட்கார்ந்து, எதையும் நேராகப் பார்க்க முடியாமல் கடலின் பக்கம் முகத்தை வைத்திருந்தான்.

ரயிஸ் ராடு மாட்டிய ஹோல்டரை ஷஹாத்தாவின் கையில் கொடுத்தார். மறைக்கத் தன்னுடைய பழைய கைத்தகட்டையும் நீட்டினார். ஷஹாத்தா அதை வாங்கப் போனான். அப்போதுதான் வஹீபா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துணியைப் பிரித்தாள். கழுகு வெயிலில் பளபளத்தது.

"அத எதுக்கு அண்ணே? பழசு. இத மாட்டிக்க. நீ எங்களுக்குப் பெருநாளுக்குக் குடுத்தது. உஸ்தா தெஸூக்கி தலையில இருந்தது. ராசியா இருக்கும்."

ஷஹாத்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "எதுக்கும்மா... ரயிஸ் குடுத்துட்டாரு. அவரு மனசு..."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றார் ரயிஸ்.

"ரொம்ப நாளாக் கெடந்துருக்கு, பேட்டரி போயிருக்கும்."

"நேத்துப் புதுசு போட்டேன். பாரு, இருட்டாகுது. ஒரிஜினல்தான அண்ணே? அம்மா கபுரு மேல சொன்னியே."

கூட்டத்தில் அவன் கடையில் வாங்கிய கழுகு ஹெல்மெட்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தலைமேல் தூக்கிவிட்டபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கமாட்டேன் என்றால் அவர்களுக்கு என்ன சொல்வான்? சிரித்தான். வாங்கி மாட்டிக்கொண்டான். மூடி கீழே இறங்கி முகம் மறைந்தது. வஹீபா விலகவில்லை, கீலுக்கு அந்தப் பக்கம் நேராக நின்று, தன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். நாங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், ஆனால் முழுக்கத் திருப்பவில்லை. என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டுமே.

"பிஸ்மில்லா" என்றான் உள்ளேயிருந்து. ராடை இறக்கினான்.

இறக்கும்போதே கழுகு திரும்பியது. மெதுவாக, தோள்பக்கமாக, கீலை விட்டு. முகமூடி போட்டவன் முகத்தைத் திருப்புவானா? எங்கள் கரையில் அந்தத் திருப்பத்தை அறியாத ஆள் கிடையாது, தினம் தினம் செய்கிறவர்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டேக் அடிக்கிறவனின் கழுத்து அது. ராடு இரும்பைத் தேடித் தடவியது, ஒரு பொறி பறந்தது, அப்புறம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒழுங்கான நெருப்பு எண்ணெயில் மீன் பொரிகிற மாதிரிச் சடசடக்கும். இது உம்மென்று உறுமியது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. ராடு அடிவரை சிவந்தது. அவன் இன்னும் கீலைப் பார்க்கவில்லை.

ரயிஸ் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார்.

தெஸூக்கி சிப்பத்தைவிட்டு எழுந்தான். "ஒட்டிக்கிச்சா?"

"ஆமா உஸ்தா" என்றேன்.

"பாக்காம வெச்சானா?"

வஹீபா கீலைத் தாண்டி அண்ணன் அருகில் போனாள். ஹெல்மெட்டின் மூடியைப் பிடித்து மேலே தூக்கினாள். உள்ளே ஷஹாத்தாவின் கண்கள் இரண்டும் சுருக்கம் விழ இறுக்கி மூடியிருந்தன. மெஷின் நின்றது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

"தெற அண்ணே. வெளிச்சம் போயிடுச்சு."

அவன் திறந்தான். எதிரே தங்கை, அவளுக்குப் பின்னால் கரை.

"பழக்கம் விட்டுப்போச்சு... கண்ணுல தூசி..."

"ஒரு மூச்சு நேரம். ஒரு மூச்சு நேரத்துக்கு ஒங் கண்ண நம்பி இந்த ஹெல்மெட்டுக்குள்ள குடுக்க ஒனக்கு மனசு வரல. எம் புருஷன் ஒரு வெயில்காலம் முழுக்கக் குடுத்தாரு. மாட்டிக்கன்னு நான்தான் சொன்னேன், அண்ணன் மனசு நோகும்னு."

அவள் அழவில்லை. நான் எதிர்பார்த்தேன், அழவில்லை. கழுகு ஹெல்மெட்காரர்களில் ஒருத்தன் தன்னுடையதைக் கழற்றி உள்ளும் வெளியும் பார்த்தான், பிறகு அதை மணலில் ஷஹாத்தாவின் காலடியில் எறிந்தான். அடுத்தவனும் எறிந்தான். புது வெள்ளை அங்கியில் ஈர மணல் தெறித்தது. அதைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். இன்னும் நாலு ஹெல்மெட் கிடைத்திருந்தால் நானே எறிந்திருப்பேன்.

ரயிஸ் பஸ்யூனி தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் ஓரத்துக்கு நடந்தார். கசடு தட்டுகிறவனுக்கு எதிரில் போய் நின்றார். தெஸூக்கி அவருடைய முகத்தைப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் இருந்த படகைப் பார்த்தான்.

"உஸ்தா தெஸூக்கி" என்றார் ரயிஸ். கரைக்கே கேட்கும்படி சொன்னார். "ஒட்டுன ராட எடுத்து அந்த எடத்தத் தேய்ச்சிட்டு வேலைய ஆரம்பிக்கவா, என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க."

ஷஹாத்தா அங்கிருந்தே கை கூப்பாத குறையாக, "மச்சான்..." என்றான்.

தெஸூக்கி குரல் வந்த திசைக்குத் திரும்பினான். அவனுக்கு மச்சானின் காதுகள் இரண்டும் தெரிந்திருக்கும்.

"கெடக்கட்டும்" என்றான்.

ஆட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஷஹாத்தாவின் படகில் கை வைக்க எங்கள் கரையில் ஒருத்தரும் முன்வரவில்லை, அவன் கடையையும் மூடிக்கொண்டு ரஷீத் ஊர்ப்பக்கம் போனதாகக் கேள்வி. கீல் இன்னும் கட்டைகள்மேல்தான் கிடக்கிறது, துருவேறி, உப்புப் பூத்து. அதன் நடுவில் அந்த ராடு ஒட்டியபடி கோணலாக நிற்கிறது. வஹீபா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.